அடுத்தவர் விவரமும் நம் போனில்தான் இருக்கிறது

"எனக்க போனுல ஒளிக்கதுக்கு என்ன கெடக்கு?" தகவல் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். அருமனைச் சந்தையில் மீன் வாங்க வந்தவரும் கேட்பார், நாகர்கோவிலில் கல்லூரியில் பாடம் எடுப்பவரும் கேட்பார். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற கன்னியாகுமரி மாவட்டம் இது, அதனால் படிப்பறிவு இல்லாத பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கேட்பவர்கள் மனதாரத்தான் கேட்கிறார்கள். யாரையும் ஏமாற்றவில்லை, கள்ளப்பணம் இல்லை, போனில் இருப்பதெல்லாம் குடும்பப் படங்களும் ஜெபக்கூட்ட அறிவிப்பும்தான், யார் பார்த்தால் என்ன?

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்தப் போனில் உங்கள் விவரம் மட்டுமா இருக்கிறது?

என் போனையே எடுத்துக்கொள்கிறேன். குவைத்தில் இருக்கும் அண்ணனின் பாஸ்போர்ட் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருக்கிறது, ஊரில் ஏதோ பத்திர வேலைக்காக அனுப்பியது. அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட் மாதவாரியாக இருக்கிறது. மைனியின், அதாவது அண்ணன் மனைவியின் பாஸ்புக், பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வந்துபோன படங்கள், ஒரு நண்பன் மனம் உடைந்துபோய் ராத்திரியில் அனுப்பிய குரல் பதிவுகள். இதில் எதையும் வெளியே காட்டலாம் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, என்னை நம்பி அனுப்பினார்கள். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை என்று நான் சொல்லும்போது இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அப்படிச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. தனிமனிதப் பொறுப்பு என்றால் உன் பணத்தை நீ பார்த்துக்கொள், உன் பாஸ்வேர்டை நீ காப்பாற்று என்பதோடு பேச்சை நிறுத்திவிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை அது பாதிதான். என் கைக்கு வந்து சேர்ந்த அடுத்தவர் விவரத்தை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்பது மீதிப் பாதி, அதைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கொரோனா ஊரடங்கு தளர்ந்த சமயம் எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓட்டும் ஒரு தம்பி, ஓட்டம் இல்லாமல் தவித்து, உடனடிக் கடன் தரும் ஒரு ஆப்பில் கொஞ்சம் பணம் வாங்கினான். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது, கொடுத்தான், கொடுக்காவிட்டால் கடன் இல்லை. தவணை தள்ளிப்போனதும் அவன் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அவன் படத்தைப் போட்டு 'திருடன்' என்று செய்தி போனது. பங்குச் சாமியாருக்குப் போனது, அவனுக்குப் பெண் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்குப் போனது, என் அம்மாவுக்கும் வந்தது. அம்மா தன் வாழ்க்கையில் ஒரு ஆப்பைக்கூடத் தானாக நிறுவியதில்லை. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போக அவன்தான் வண்டி கொண்டுவருவான், அதற்காக அவனிடம் எண் இருந்தது, தொடர்பு அவ்வளவுதான். அதற்கப்புறம் ரொம்ப நாள், தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தால் அம்மா போனைத் தொட மாட்டார். அது மேசையில் அடித்துக்கொண்டே கிடக்கும், அடுப்படி வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் விதிகள், கடன் ஆப்கள் தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் தொடக்கூடாது என்றன. 2023 மே 31 முதல் கூகுளும் தன் பிளே ஸ்டோரில் உள்ள கடன் ஆப்கள் தொடர்பு எண்களைப் பார்க்கத் தடை போட்டது. நல்ல காரியம். ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற ஆப் கோப்பை நேராக நிறுவுகிறவருக்கு பிளே ஸ்டோர் விதியால் என்ன பயன்? அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை, அரிசி வாங்கப் பணம் இல்லாதவனிடம் போய் நான் அறிவுரை சொல்ல மாட்டேன். ஆனால் 'அனுமதி' என்று வரும் பொத்தானை அழுத்துகிற நேரத்தில், அனுமதி கொடுப்பது நம் போனில் இருக்கும் அத்தனை பேர் பெயரிலும் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன்.

அப்புறம் ஜெராக்ஸ் கடை. மார்த்தாண்டத்தில் நான் அடிக்கடி போகும் கடை ஒன்றில், பிரிண்ட் எடுக்க வருபவர்கள் கடை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அது கம்ப்யூட்டர் திரையில் திறந்தே இருக்கும். பெயர் பதியாத எண்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஆதார் அட்டையோ ரேஷன் கார்டோ. டவுன்லோட் கோப்புறையைத் திறந்தால் 'ஆதார் ஃப்ரண்ட்', 'ஆதார் பேக்', 'பான் நியூ', 'மாமி பாஸ்புக்' என்று கீழே போய்க்கொண்டே இருக்கும். மேசைக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியில் சரியாக விழாத பிரிண்டுகள் கிடக்கும், அதன் பின்பக்கத்தில்தான் கடையில் நிற்கும் பெண் கணக்குக் கூட்டுவாள். ஒருநாள் மைனியின் வேலையாகப் போனபோது, எனக்கு முன்னால் நின்றவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த தாளில் யாரோ ஒரு வயதான அம்மாவின் முகமும் பிறந்த தேதியும் விலாசமும் தெளிவாக இருந்தன. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைக்காரர் நல்ல மனிதர். "அண்ணே, வேலை முடிஞ்சதும் இதை அழிச்சிரலாமே" என்று கேட்டேன். "அழிச்சா நாளைக்கு வந்து, நேத்து அனுப்பினது கெடக்குமே, இன்னொண்ணு எடுத்துத் தாருங்கன்னு கேப்பாவ, நான் எங்க போவேன்?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நாமே அப்படித்தான் கேட்கிறோம். இதில் அரசாங்கமும் ஒரே குரலில் பேசியதில்லை. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவிப்பு விட்டது, மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த அறிவிப்பில் இருந்தது நல்ல புத்திதான் என்பது என் கருத்து. மாஸ்க்டு ஆதாரைப் போனிலேயே இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. பிரிண்ட் கையில் வந்ததும் கடைக்காரர் முன்னாலேயே "அனைவருக்கும் நீக்கு" என்று அழுத்திவிட்டு வந்தால் போதும், அவருக்கும் வேலை மிச்சம். அவர் ஏற்கனவே இறக்கி வைத்திருந்தால் அதையும் அழிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி, 2012ல் வழக்குப் போடும்போது எண்பது வயதைத் தாண்டியவர். அந்த வயதில் அவருக்கு ஒளிக்க என்ன இருந்திருக்கும்? அவர் தனக்காகப் போகவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வரும்.

சரி, போன் விளையாட்டுக்கு வருகிறேன், எங்கள் வீட்டில் இந்த வருடம் பெரிய சண்டை அதில்தான் நடந்தது. அண்ணன் மகன் எட்டாம் வகுப்பு. என் அப்பா, அதாவது அவனுக்குப் பாட்டா, விடிவதற்கு முன்னாலேயே எழுந்து ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஒருநாள் ஹெட் லைட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கியவர், ஜன்னலுக்குள் போர்வை நீலமாக ஒளிர்வதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். பையன் காதில் இயர்போனோடு, அந்த நேரத்தில் முழித்திருக்கும் யாரோ மூன்று பேரோடு சேர்ந்து சுட்டுக்கொண்டிருந்தான். போன் மைனியுடையது. வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அண்ணன் அனுப்பும் பணத்தில் இருந்து சின்னச் சின்னத் தொகையாக, விளையாட்டுக்குள் ஆடைகளும் துப்பாக்கிகளும் வாங்கப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

பிள்ளைக்கு அடி விழுந்தது. மைனி என்னிடம் அழுதார். "தம்பி, நீங்களே சொல்லுங்க, போனை இவனுக்க கையில குடுத்தது நானா? வீட்டுப்பாடத்தை எல்லாம் பள்ளிக்கூடத்துல இருந்துதான குரூப்புல போடுகாவ?"

இதில் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பையன் செய்தது தப்பு, அது தப்பு என்று அவனுக்குத் தெரியும். பணம் போன ஒவ்வொரு தடவையும் வங்கியில் இருந்து வந்த மெசேஜை அழித்திருக்கிறான். தெரியாமல் செய்தவன் அழிக்க மாட்டான். அதனால் விடுமுறையில் பாட்டாவோடு நின்று ரப்பர் ஷீட் அடித்துக் கொடுத்து அந்தப் பணத்தை ஈடு கட்ட வேண்டும் என்று அப்பா சொன்னதை நான் முழு மனதோடு ஆதரித்தேன். அதே சமயம், அந்த வீட்டில் கரண்ட் பில் கட்டுவதும், கேஸ் பதிவு செய்வதும், எல்லோருக்கும் ரீசார்ஜ் போடுவதும் அவன்தான். யுபிஐ பின் நம்பரை அவன் திருடவில்லை, வேலை வாங்குவதற்காக நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். பதிமூன்று வயதுக்காரனிடம் வீட்டுப் பணப்பெட்டியின் சாவியைக் கொடுத்துவிட்டு மாதக் கணக்கு எப்போதுமே கேட்காமல் இருந்த பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு, அடி மட்டும் ஒருவனுக்கு விழுந்தது சரியில்லை.

மூன்றாவது பங்கு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்திடம் 52 கோடி டாலருக்கு இணக்கம் செய்துகொண்டது. அதில் 27.5 கோடி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தகவலைத் திரட்டியதற்கு அபராதம். 24.5 கோடி, பொத்தான்களைக் குழப்பமாக அமைத்து வேண்டாத பொருளை வாங்க வைத்ததற்காக ஆடியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். திரை லோட் ஆகிக்கொண்டிருக்கும்போது ஒரு பொத்தானைத் தொட்டாலே காசு போகும்படி இருந்தது, பிள்ளைகள் முன்பின் தெரியாதவர்களோடு பேசும் குரல் வசதி முதலில் இருந்தே திறந்து கிடந்தது என்பதெல்லாம் ஆணையத்தின் குற்றச்சாட்டுகள். எங்கள் வீட்டுப் பையன் ஆடியது வேறு விளையாட்டு. ஆனால் எவ்வளவு படித்தவர்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசித்து ஒரு பொத்தானுக்கு இடம் தேடியிருப்பார்கள் என்று இதில் இருந்து தெரிகிறது, எதிரே உட்கார்ந்திருப்பது எட்டாம் வகுப்பு. 'கட்டுப்பாடு வேண்டும் மக்கா' என்று சொல்வது சுலபம்.

பணத்தைவிட எனக்குப் பயம் தந்தது அந்தக் குரல் வசதிதான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, திட்டாமல், யார் யாரோடு ஆடுகிறாய் காட்டு என்று கேட்டேன். காட்டினான். கூட ஆடும் ஒருவனுக்கு இவன் பெயர் தெரியும், எந்தப் பள்ளி என்று தெரியும், அப்பா குவைத்தில், வீட்டில் அம்மாவும் பாட்டாவும் பாட்டியும்தான் என்று தெரியும். "எப்படி மக்கா தெரியும்?" "கேட்டான், சொன்னேன். அவன் எனக்க டீம்தான் சித்தப்பா." அவன் ஒரு குரூப்பில் சேர்ப்பதாகச் சொல்லி மைனியின் எண்ணை வாங்கியிருக்கிறான், பிறகு இலவசமாக ஏதோ தருகிறேன், வரும் ஓடிபியைச் சொல் என்று கேட்டிருக்கிறான். நல்லவேளை, இவன் சொல்லவில்லை. ஆனால் ஏன் கேட்கிறான் என்று சந்தேகமும் படவில்லை. இந்தப் பேச்செல்லாம் நடந்தது, ஆம்பிள்ளைத் துணை குறைந்த வீடு என்று ராத்திரி ஏழு மணிக்கே கேட்டைப் பூட்டும் வீட்டில்.

2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி உட்பட 118 ஆப்களுக்கு மத்திய அரசு தடை போட்டபோது எங்கள் தெருவில் அம்மாமார் சந்தோஷப்பட்டார்கள், இனிப் பிள்ளை படிப்பான் என்று. ஆனால் அந்தத் தடை பிள்ளையின் படிப்புக்காக வந்தது இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்கீழ், பயனர்களின் தகவல் அனுமதியின்றி வெளிநாட்டு சர்வர்களுக்குப் போகிறது, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்ற காரணத்துக்காக வந்தது. அந்தக் காரணத்தை எந்த வீட்டிலும் யாரும் பேசி நான் கேட்கவில்லை. அடுத்த வருடமே அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022ல் ஆப் ஸ்டோர்களில் இருந்து எடுக்கப்பட்டது, 2023ல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்ற வரம்போடு திரும்பியது. வயதைக் கூட்டிப் போட எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பணம் கட்டி ஆடும் ரம்மி போன்றவற்றைத் தடுக்க 2022ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது, 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் வந்தது. அது எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றும் என்று நம்புகிறேன். ஆனால் விளையாட்டுக்குள் ஆடைக்கும் துப்பாக்கிக்கும் காசு கொடுக்கும் எட்டாம் வகுப்புப் பையனுக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை, அவன் பணம் ஜெயிப்பதற்காக ஆடவில்லை.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நான் ஆசையோடு வாசித்தேன். 18 வயதுக்குக் குறைந்தவர் எல்லோரும் குழந்தை, அவர்கள் தகவலைத் தொடப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்க வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக்கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். நன்றாக இருக்கிறது. அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: ஒருவர் தன் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அது நியாயம்தான், குடும்பக் குரூப்புக்குள் அரசாங்கம் வந்து உட்கார வேண்டாம். ஆனால் அதன் பொருள், அந்த இடத்தில் ஒருவரை ஒருவர் காப்பாற்ற நம்மைத் தவிர யாரும் இல்லை என்பது.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் ஸ்டேட்டஸைப் பாருங்கள். மார்க் வந்த திரையை அப்படியே படம் பிடித்துப் போடுவார்கள், பதிவெண்ணும் பிறந்த தேதியும் அதிலேயே இருக்கும், அந்த இரண்டும் போதும் அந்தப் பிள்ளையின் மார்க்கை யாரும் எடுத்துப் பார்க்கலாம். போடுவது பாசத்தில்தான். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றால், "அதுகிட்ட என்ன கேக்க?" என்பார்கள். சர்ச்சில் புதுநன்மை (முதல் நற்கருணை) எடுத்த படம், பள்ளிச் சீருடையில் பேட்ஜ் தெரிய நிற்கும் படம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ட்ரிப் ஏறும் பெரியவரின் படம், எல்லாமே அன்பில் போகிறது. படுத்திருக்கும் அந்தப் பெரியவர், வாழ்நாள் முழுக்கச் சட்டை போடாமல் வாசலுக்கு வராதவராக இருப்பார். 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினாலே ஜெபிக்கிறவர்கள் ஜெபிப்பார்கள், படம் தேவையில்லை.

கடைசியாக அண்ணனோடு எனக்கு நடக்கும் வாக்குவாதம், அது இன்னும் முடியவில்லை. அவனுக்கு அங்கே யாரோ ஒரு ஆப்பைச் சொல்லியிருக்கிறார்கள், பையன் எடுக்கும் மைனியின் போனில் போட்டுவிட்டால் அவன் பார்ப்பது, பேசுவது, எழுதுவது எல்லாம் குவைத்தில் இருந்து தெரியும், பையனுக்குத் தெரியவே தெரியாது. அண்ணனின் கட்சி பலமானது. "நான் இங்க கெடந்து என்னலே செய்வேன்? பக்கத்துல இருந்தா மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன்" என்கிறான். அவன் சொல்வது என்னைக் கலங்க வைக்கிறது, அவன் தகப்பன். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பையனிடம் சொல்லிவிட்டு நேர வரம்பு போடுவோம், வாங்கும் வசதியைப் பூட்டுவோம், பின் நம்பரை மாற்றுவோம், மாதம் ஒருமுறை மைனியும் அவனும் சேர்ந்து உட்கார்ந்து வங்கிக் கணக்கைப் பார்க்கட்டும். இதெல்லாம் ஏற்கனவே செய்தாயிற்று. தெரியாமல் ஒட்டுக் கேட்பது வேறு. ஒன்று, அந்த ஆப்பை நடத்துகிறவன் யார் என்று அண்ணனுக்கே தெரியாது, மகனின் பேச்செல்லாம் முதலில் அவனிடம்தான் போகும். இரண்டு, அந்தப் போனில் பையனின் கூட்டாளிகளின் பேச்சும் இருக்கிறது, அந்தப் பிள்ளைகளின் வீட்டில் யாரிடமும் நாம் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அன்றைக்கு நான் கேட்டதும் அவன் ஒன்றையும் மறைக்காமல் காட்டினான். ஒளிந்து நின்று பார்க்கிறோம் என்று தெரிந்த பிறகு அவன் யாருக்கும் காட்ட மாட்டான்.

அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வருகிறான். ஆப்பை அதுவரை போட வேண்டாம், வந்தபின் மகனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறான், அரை மனதாக.